அடையாற்றில் விலாங்கு எண்ணிய மாதம்

1

ஏப்ரல் பிறந்துவிட்டால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஆற்றுக்குள் நிற்பேன். இதைப் படிக்கிற பம்மல் சொந்தக்காரர்கள் பதற வேண்டாம். தண்ணீர் முட்டிக்கு மேலே வராது. நெஞ்சுவரை ரப்பர் உடுப்பு போட்டிருப்பேன். கரையிலிருந்து ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்க்க ஆளில்லாமல் இங்கே யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. பம்மல் மெயின் ரோட்டை நான் தினமும் கடந்து பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருவர்கூட இப்படி அக்கறையாக நின்று பார்த்ததில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. சனிக்கிழமை விலாங்கு எண்ணுகிற வேலை. முதலாவதற்குச் சம்பளம் தருவார்கள், இரண்டாவதற்கு டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். எது பிடித்த வேலை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

விலாங்கைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பாம்பு மாதிரி நீளமாக, கையில் நிற்காமல் வழுக்குகிற மீன். கடலில் பிறக்கும். தீக்குச்சி அளவுக் குஞ்சாக ஆற்றுக்குள் நுழையும். ஓட்டத்தை எதிர்த்து மேலே மேலே போய், ஏரியிலும் ஓடையிலும் வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே திரும்பும். நடுவில் நாம் அணை கட்டிவிட்டோம். குஞ்சுகளால் அதைத் தாண்ட முடியவில்லை. இந்த ஊரில் ஒரு காலத்தில் குஞ்சுகளை வாளியால் மொண்டார்களாம். இப்போது விரல் விட்டு எண்ணுகிறோம்.

அதனால் அணையின் ஓரமாக ஒரு சாய்வுப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகை முழுக்க பிரஷ் முடி. மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். இருட்டிய பிறகு குஞ்சுகள் அந்த முடிகளுக்கு நடுவே நெளிந்து ஏறி, உச்சியில் இருக்கும் பெட்டியில் விழும். காலையில் நாங்கள் போய் எண்ணி, அளந்து, அணைக்கு மேல் பக்கம் விடுவோம். எத்தனை ஏறுகிறது என்று தெரிந்தால்தான் இனம் தேறுகிறதா, தேய்கிறதா என்று சொல்ல முடியும். விலாங்கு ஏணி என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

கடலில் பிறந்து வேறெங்கோ போய் வாழ்ந்து என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்குக் கண் கலங்கிவிடும். எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒருமுறை தெரியாமல் விலாங்கைப் பற்றி வாயைத் திறந்தேன். உடனே ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, நாமெல்லாம் விலாங்குகள்தான் என்று இருபது நிமிடம் பேசினார். சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனது. விலாங்கு விசா எடுப்பதில்லை, அதற்கு மாமியாரும் இல்லை. அவ்வளவு சுலபமாக அது நாமாகிவிட முடியாது.

போன சனிக்கிழமை எங்கள் குழுத் தலைவர் டெரிக் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வேலையும் ஒரே தடவையில் முடிய வேண்டும் அவருக்கு. "ஸ்டெல்லா, எல்லோரும் குஞ்சுகளை ஒரு முறை படம் எடுக்கிறார்கள். நீ மட்டும் ஏன் எண்ணும் முன் ஒரு படம், எண்ணிய பின் ஒரு படம் எடுக்கிறாய்?"

"பழக்கமாகிவிட்டது," என்றேன். அது பாதிப் பதில். முழுப் பதில் திருநீர்மலைப் பக்கம் இருக்கிறது. டெரிக்குக்கு அதைச் சொன்னால் நடுவில் ஐம்பது விளக்கம் தர வேண்டியிருக்கும். உங்களுக்கு வேண்டாம், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் இந்த வேலைக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பெரிய நிபுணி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சும்மா ஆற்றில் நிற்பதற்குப் பதினொரு பக்கப் படிவம். தண்ணீரைக் கண்டால் தலை சுற்றுமா, பாம்பு போன்ற உயிர்களைத் தொட ஆட்சேபம் உண்டா, ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்வது. கடைசிக் கேள்விக்கு என் மகள் ரூத்தின் எண்ணை எழுதினேன். எழுதும்போதே சிரிப்பு வந்தது. நான் கூப்பிட்டால் எடுக்காதவள், நான் மூழ்கிவிட்டேன் என்று தெரியாத எண்ணிலிருந்து யாரோ கூப்பிட்டால் எடுத்துவிடவா போகிறாள்?

முதல் நாள் பெட்டிக்குள் ஒரு முழ நீளத்துக்குப் பெரிய விலாங்கு ஒன்று இருந்தது. "கையை நனைத்துக்கொண்டு மெதுவாக எடு" என்றார் டெரிக். எடுத்தேன், வழுக்கியது. மறுபடியும் எடுத்தேன், வழுக்கியது. எங்கள் வீட்டில் எப்போதாவது விலாங்கு வாங்கினால் அம்மா உள்ளங்கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு பிடிப்பார். என் கை என்னைக் கேட்காமலே கரை மணலை அள்ளியது, தேய்த்தது, பிடித்தது. விலாங்கு அசையவில்லை. வெற்றியோடு தூக்கிக் காட்டினேன். டெரிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த வழவழப்புதான் அதன் தோலுக்குப் பாதுகாப்பாம். அதை மணலால் உரித்துவிட்டால் நோய் வந்துவிடுமாம். விலாங்கைக் கழுவி, தொட்டியில் வைத்துப் பார்த்து, பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகே விட்டார்கள். எனக்கு இன்னொரு பயிற்சி, இன்னொரு படிவம். அன்று டீ குடிக்கும்போது சூழலை இலகுவாக்கலாம் என்று, எங்கள் ஊரில் இதைப் புளி ஊற்றிக் குழம்பு வைப்போம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பிஸ்கட் தட்டுப் பக்கம் யாரும் கை நீட்டவில்லை.

3

என் தம்பி தாமஸ் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். வீடு இன்னும் பம்மல்தான். ஞாயிறு ஞாயிறு போனில் பேசுவோம். நான் என் ஆற்றுப் பெருமையை அளந்துகொண்டே இருப்பேன்; அவன் உம் கொட்டுவான். ஒரு நாள் உம் கொட்டவில்லை.

"அக்கா, இது இங்கயும் இருக்கு," என்றான். "திருநீர்மலை தாண்டி அடையாத்துல ஒரு சின்ன செக் டேம் இருக்கே, மழை முடிஞ்சதும் அது அடியில பார்த்தேன். விரல் நீளக் குஞ்சுங்க. ஏற முடியாம சுவத்துல முட்டிக்கிட்டு கிடக்கு. கொக்குங்க வரிசையா நின்னு சாப்பிடுது."

"அடையாத்துலயா? சும்மா சொல்லாதே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

பம்மல்காரர்களுக்கு அடையாறு என்றால் என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்த அப்பா வீட்டுக்குள் வரும்போதே வாசம் அவருக்கு முன்னால் வரும். ஆற்றுக்கும் அதே வாசம்தான். அந்தத் தண்ணீருக்குள் கடலிலிருந்து குஞ்சு வருகிறது என்று கேட்டபோது எனக்கு வந்தது சந்தோஷமா, கோபமா, இன்றுவரை தெரியவில்லை. இத்தனை நாள் யாரும் சொல்லவே இல்லையே என்கிற கோபம்.

தாமஸ் நான் அனுப்பிய படங்களைப் பார்த்து, பம்மலில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்தான். பிரஷ் முடிக்குப் பதில் மெத்தைக் கடையில் வாங்கிய தேங்காய் நார். உச்சியில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம். செய்து முடிக்க மூன்று நாள். வைக்க அனுமதி வாங்க மூன்று வருடம். பைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக ஒரு பருவமழை முடிந்துவிடும். "மீனுக்கு ஏணியா சார்? லிஃப்ட் வேணாமா?" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்களாம். சிரித்துவிட்டு மறுநாளும் போயிருக்கிறான். என்னால் அது முடியாது.

கடைசியில் புதிதாக வந்த உதவிப் பொறியாளர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு பருவத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு நிபந்தனை. பிப்ரவரியில் ஆற்றைத் தூர்வார பொக்லைன் வரும். அதற்கு ஏணி இடைஞ்சல். ஜனவரி முடிவதற்குள் நூறு குஞ்சாவது ஏறியது என்று ஆதாரத்தோடு காட்டினால் ஏணியைச் சுற்றித் தூர்வாரச் சொல்வார், நிரந்தரமாகவும் எழுதிவிடுவார். இல்லையென்றால் கழற்றிவிட வேண்டும்.

"நூறுக்கு எதுக்குடா ஒத்துக்கிட்ட? அம்பதுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"வேற நம்பர் சொல்ல என்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு அக்கா? இதுவரைக்கும் இந்த ஆத்துல யாரும் எண்ணினதே இல்லையே."

நான் ஒரு மாத லீவு போட்டேன். ரூத்துக்குப் பதினெட்டு வயது, பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் நாளிருந்தது. வருகிறாயா என்று கேட்டபோது தோளைக் குலுக்கினாள். வெயில் இருக்கும் என்றேன். வந்தாள்.

4

ஜனவரி இரண்டாம் தேதி தொடங்கினோம். காலை ஆறரைக்கு தாமஸின் ஸ்கூட்டரில் ரூத், பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் நான். தடுப்பணைக்குக் கீழே ஆகாயத்தாமரையும், நுரையும், யாரோ விட்டெறிந்த ஹெல்மெட்டும். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு போகும். ஓரமாக என் தம்பியின் ஏணி. தேங்காய் நார் நனைந்து கறுத்து, அழகாக இருந்தது. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

டிரம்மைத் தட்டில் கவிழ்த்து, நான் இங்கிலாந்து முறையில் எண்ணினேன். சின்ன வலையில் ஒன்றாக எடுத்து, பார்த்து, பக்கத்தில் தண்ணீர் வைத்த பேசினில் விட்டு, அடுத்ததை எடுத்து. முதல் இரண்டு நாளும் நாலு நாலுதான் ஏறியிருந்தன, அதனால் மானம் பிழைத்தது. மூன்றாம் நாள் தட்டு நிறைய நெளிந்தன. நான் ஐந்தாவதைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே தாமஸ் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு மணிக்கு அவன் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். எங்கேயோ போனான், பத்து நிமிடத்தில் அஞ்சலையோடு வந்தான்.

அஞ்சலைக்கு என் வயதுதான் இருக்கும். கோவளத்துப் பக்கம் மீனவக் குடும்பத்தில் பிறந்து, பம்மலில் வாழ்க்கைப்பட்டவள். சாயந்தரம் பம்மல் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். தாமஸின் வாடிக்கைக் கடை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டுக்கு முன்னால் குந்தினாள்.

"இன்னாக்கா, மீனை வலை போட்டு வெளையாடிக்கினு கீறே? தள்ளு."

"கையில சாம்பல் கீம்பல் தேச்சுடாதே," என்றேன், பயிற்சி பெற்றவள் என்கிற மிடுக்கோடு.

"சாம்பலா? அது அறுக்கறப்போ. உசுரோட கீறப்போ ஈரக் கை போதாதா?" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். டெரிக் எனக்கு இரண்டு படிவத்தில் சொன்னது அது.

அவள் எண்ணுவதைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையைக் குழித்து, தண்ணீரோடு அள்ளி, ஒன்று, ரெண்டு, மூணு என்று விடுவிடுவென்று பேசினில் விடுவாள். ஒரு குஞ்சும் தரையில் விழாது. பத்தானதும் "பத்து!" என்று சத்தமாகச் சொல்வாள், ரூத் நோட்டில் கோடு போடுவாள். "பாப்பா, போட்டியா?" "போட்டேன்." அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் மொத்த உரையாடல், ஆனால் நன்றாக ஓடியது. அன்று பன்னிரண்டு. எண்ணி முடிக்க மூன்று நிமிடம்.

அன்றிலிருந்து வேலை பிரிந்தது. அஞ்சலை எண்ணுவாள். ரூத் எழுதுவாள், எழுதிவிட்டு, முதல் நாளிலிருந்து செய்கிறபடியே, கட்டம் போட்ட வெள்ளைத் தகட்டை பேசினுக்குள் அடியில் வைத்து ஒரு படம் எடுப்பாள். அந்தக் கட்டத்தை வைத்துக் குஞ்சுகளின் நீளத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் அளந்துவிடலாம். அப்புறம் தாமஸ் அணைக்கு மேலே கொண்டுபோய் விடுவான். நான் மேற்பார்வை. அதாவது பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பேன்.

ரூத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என்னோடு இருக்கும்போது அவள் வேறெங்கோ இருப்பாள், பல வருடமாக அப்படித்தான். தமிழ் புரியும், பேச வராது. வராது என்பதைவிட, நான் திருத்துவேன் என்று பேசுவதில்லை. ஆனால் நோட்டில் எழுதுகிற விஷயத்தில் அவள் என்னையே மிஞ்சினாள். தேதி, நேரம், தண்ணீரின் சூடு, மேகம். ஒரு நாள் அஞ்சலைக்கும் எனக்கும் எட்டா ஒன்பதா என்று சந்தேகம் வந்தபோது, பேசினை மறுபடி எண்ண வைத்தாள். ஏழு!

5

முதல் வாரம் நன்றாகப் போனது. ஒரு நாள் சரியாகப் பத்து. இன்னொரு நாள் இருபத்தொன்று. அன்று தாமஸ் எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்தான். பொங்கலுக்கு முன்பே பாதிக்கு மேல் வந்துவிட்டோம். நூறென்ன, இருநூறே ஏறும் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போகியன்று மேலே எங்கேயோ எதையோ ஆற்றில் கொட்டிவிட்டார்கள். தண்ணீர் இரண்டு நாள் கறுப்பாக வந்தது. டிரம்மில் வெறும் தண்ணீர். மூன்றாம் நாளும் வெறும் தண்ணீர். தொடர்ந்து ஆறு நாள் ரூத் பூஜ்யம் எழுதினாள். தாமஸ் ஒன்றும் பேசாமல் நாரைக் கழற்றி, அலசி, மறுபடி கட்டினான். அவன் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கிரிக்கெட்டில் தோற்றால்கூட வாய் ஓயாதவன்.

அப்புறம் விட்டு விட்டு மெல்ல வந்தன. இரண்டு. பதினாலு. இருபது. எங்களுக்கு மறுபடியும் பேச்சு வந்தது. முப்பதாம் தேதி ஒன்றுமில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலை நாலு பேரும் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை.

ரூத் கூட்டினாள். தொண்ணூற்று நாலு.

தாமஸ் அரை நாள் லீவு போட்டிருந்தான். மத்தியானம் வீட்டில் சாப்பாட்டு மேஜை. யாரும் சாப்பிடவில்லை. நாலு மணிக்குமேல் பொறியாளர் அலுவலகத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நோட்டோடு போக வேண்டும்.

நான்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். "ஆறுதானே தாமஸ். ரெண்டு நாள்ல மூணு மூணா சேர்த்துடு. யார் போய் ஆத்துல எண்ணப் போறாங்க?"

தாமஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, லேப்ல நீ இப்படித்தான் ரிசல்ட் எழுதுவியா?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்டான். இருபத்திரண்டு வருடமாக ஒரு துளி ரத்தத்தில்கூடப் பொய் எழுதாதவள் நான். ஊருக்கு வந்து ஒரு மாதத்தில், சொந்தத் தம்பி என்றதும், ஆறு விலாங்கைக் கற்பனையில் பிறக்க வைக்கப் பார்த்தேன்.

ரூத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அம்மா, நீயா?" என்றாள். அவ்வளவுதான். பிறகு தாமஸைப் பார்த்து, "மாமா, நான் லெங்த் எல்லாம் முடிச்சுடறேன். நூறு இல்லைன்னாலும் லெங்த் ரியல்," என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

6

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் சரியில்லை.

"மாமா, நான் மிஸ்டேக் பண்ணிட்டேன். பத்துன்னு எழுதின நாள், படத்துல பதினொண்ணு இருக்கு."

தாமஸ் எண்ணினான். நான் எண்ணினேன். தலைகளை மட்டும் எண்ணினோம், வால்களை மட்டும் எண்ணினோம். பதினொன்று.

"வேற நாள் பாரு," என்றான். அவன் குரல் மாறிவிட்டது.

நாலு நாலாக ஏறிய இரண்டு நாளும் படத்தில் நாலுதான். ஏழு எழுதிய நாள் ஏழு. பன்னிரண்டு எழுதிய நாள் பதின்மூன்று. பதினாலு எழுதிய நாள் பதினைந்து. இருபதுக்கு இருபத்திரண்டு. இருபத்தொன்றுக்கு இருபத்து மூன்று. ரூத் ஒரு தாளில் வரிசையாக எழுதிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். "பத்துக்குக் கீழ இருந்தா கரெக்ட். பத்து வந்தா ஒண்ணு எக்ஸ்ட்ரா. இருபது வந்தா ரெண்டு எக்ஸ்ட்ரா. இது என் மிஸ்டேக் இல்ல. இது ரெகுலரா இருக்கு. ஆனா ஏன்?"

பத்துக்கு ஒன்று என்று அவள் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். அழுகிறேன் என்று நினைத்துத் தாமஸ் தண்ணீர் கொண்டுவந்தான்.

பம்மல் மார்க்கெட்டில் மீன் வாங்கி வளர்ந்தவள் நான். பத்து மீன் எண்ணிப் போட்ட பிறகு, கூடையை நகர்த்தாமல் நின்று, "கொசுறு போடுங்கக்கா" என்று கேட்டு வாங்காமல் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை. எண்ணிக் கொடுக்கிற கை, கடைசியில் எண்ணாமல் ஒன்றைப் போடும். அந்த ஒன்றை யாரும் கணக்கில் சொல்ல மாட்டார்கள்; சொன்னால் அது கொசுறு இல்லை. ஒரு மாதம் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே டீ பிளாஸ்கோடு நின்றிருக்கிறேன். நான் பார்க்கவில்லை. கொசுறு என்ற வார்த்தையையே கேட்டிராத என் மகள் பார்த்துவிட்டாள்.

மூன்று பேரும் மார்க்கெட்டுக்கு ஓடினோம். அஞ்சலை அப்போதுதான் ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை, பத்து எண்ணினா ஒண்ணு கொசுறு விடறியா?"

"வுடாம?" என்றாள், சோறு சாப்பிடுவாயா என்று கேட்டது போல. "ஆத்துக்குக் குடுக்கறோம். வெறும் பத்தா குடுக்கறது? கை வருமா?"

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"கொசுறை எவளாவது சொல்லிக் குடுப்பாளா?"

கொசுறு என்றால் என்ன என்று ரூத்துக்கு நான் விளக்கிச் சொன்னேன்.  அவள் ஐஸும் மீனும் பார்க்காமல் அஞ்சலையைக் கட்டிப்பிடித்தாள். என்னை அப்படிப் பிடித்து நாலைந்து வருடமிருக்கும். பொறாமையாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்குப் பொறாமைகூட நன்றாக இருந்தது.

தொண்ணூற்று நாலும் ஏழும் நூற்றொன்று.

7

படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனபோது ஐந்து மணி. எண்ணியவர் நேரில் வந்தால்தான் நம்புவார்கள் என்று தாமஸ் அஞ்சலையையும் அழைத்து வந்தான். பக்கத்துக் கடைக்காரியிடம் மீனை ஒப்படைத்துவிட்டு, ஈரப் புடவையோடு வந்தாள்.

பொறியாளர் முப்பத்தைந்து வயதுக்காரர். நோட்டைப் புரட்டினார். "தொண்ணூத்தி நாலுன்னுதானே சார் போட்டிருக்கு?"

தாமஸ் விளக்கினான். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. எனக்கும் அவர் இடத்தில் இருந்தால் வந்திருக்காது. கடைசி நாளில் ஆறு குறைகிறபோது ஏழு கிடைக்கிற கணக்கை எந்த அதிகாரியும் பார்த்திருப்பார். சிவப்புப் பேனாவை எடுத்து, படங்களை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு குஞ்சின் தலையிலும் ஒரு புள்ளி வைத்தார்.  கடைசிப் படத்தில் பேனா நின்றது.

"நூத்தி ஒண்ணு இருக்கு. சரி. அந்த ஏழையும் யாரும்மா விட்டது? நீங்களா?"

"நான்தான் சார்," என்றாள் அஞ்சலை. "ஆனா அந்த ஏழு கணக்குல வராது."

தாமஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏம்மா வராது?"

"அது நான் ஆத்துக்குக் குடுத்தது சார். கொசுறு. அத்த நோட்டுல எழுதிட்டா, நான் குடுத்தது இன்னா ஆவறது? அப்பறம் ஆத்துக்கு நான் ஒண்ணுமே குடுக்கலைன்னு ஆயிடும்ல?"

எங்கள் சாட்சியே எங்களைக் கவிழ்த்துவிட்டது. அவள் காலை மிதிக்கலாமா என்று பார்த்தேன், எட்டவில்லை. மூன்று வருடம், இரும்புச் சட்டம், லிஃப்ட் கிண்டல், எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் போகப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பு என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

பொறியாளர் பேனாவை மூடி வைத்தார். அஞ்சலை பக்கம் திரும்பினார்.

"மார்க்கெட்ல கடை போடறீங்களா?"

"ஆமா சார். பம்மல்ல."

"பத்துக்கு ஒண்ணு சில்லறைக்கு. யாராவது மொத்தமா நூறு எடுத்தா எவ்வளவு கொசுறு போடுவீங்க?"

அஞ்சலை யோசிக்கவே இல்லை. "மொத்தமா எடுத்தா ஒண்ணு போதும் சார். அதுக்கு மேல கட்டாது."

"அப்ப நான் மொத்தமா எடுத்துக்கறேன்," என்றார் அவர். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தொண்ணூற்று நாலை அடித்து, நூறு என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தார். "அந்த ஒண்ணு உங்க கொசுறு. அதை நான் எழுதலை. அது ஆத்தோடது. சரியாம்மா?"

அஞ்சலை புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். பேரம் நியாயமா என்று ஒரு நொடி பார்த்தாள்.

"சரி சார்," என்றாள்.

ஏணி நிரந்தரமாக இருக்கட்டும் என்று எழுதி அவர் முத்திரையை அழுத்தினார். என் தம்பி பேச வாயைத் திறந்தான். வீட்டுக்கு வந்து சேரும்வரை மூடவில்லை.